நீரைத் தொட்டறியும் மீன்கள்

நுழையும்முன்
காணுதல், கேட்டல், நுகர்தல், சுவைத்தல், தொடுதல் என்னும் ஐம்புலன்களால் மனிதர் உலகை அறிகின்றனர். மனிதருக்கு வாய்க்காத வேறொரு புலனும் மீனுக்கு உண்டு. நீரின் அசைவையே செய்தியாக அறியும் அப்புலனை இப்பாடம் விளக்குகிறது.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு, கோவை, திருப்பூர் வழியாகப் பாய்ந்து கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. மழைக்காலத்தில் செந்நிறமாகப் பெருகி வரும் அதன் நீர், கோவையின் பெரியகுளம் முதலிய குளங்களை நிறைக்கிறது. அப்போது நீருக்குள் ஒரு சாண் தொலைவுகூடக் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் மீன்கள் கல்லில் மோதுவதில்லை. கரையில் ஒருவர் கால் நனைத்ததுமே விலகி ஓடுகின்றன. கலங்கிய நீரில் அவற்றுக்கு வழிகாட்டும் உறுப்புகளுள் தலையாயது, உடலின் இருமருங்கிலும் அமைந்துள்ள பக்கக்கோடு ஆகும்.

கோடும் துளைகளும்
செவுள்மூடியின் பின்புறம் தொடங்கி வால்வரை மெல்லிய கோடொன்று செல்கிறது. உற்றுநோக்கினால், அது நுண்துளைகளின் வரிசை என்பது விளங்கும். ரோகு, கட்லா மீன்களில் இக்கோடு தொடர்ச்சியாக அமைந்திருக்கும். ஜிலேபிக் கெண்டையிலோ இரண்டாக முறிந்து, முன்பகுதி மேலும் பின்பகுதி கீழுமாகக் காணப்படும். துளைகள் அனைத்தும் செதில்வரிசையினூடே செல்லும் குழாய் ஒன்றில் திறக்கின்றன. இவை மீனின் வழவழப்பைச் சுரப்பவை என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். 1850இல் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் லைடிக், இவ்வமைப்பு ஓர் உணர்வுறுப்பு என எடுத்துரைத்தார்.

மயிர்ச்செல்களின் பணி
குழாயினுள்ளும் தோலின் மீதும் நியூரோமாஸ்ட் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மயிர்ச்செல்கள் பல கூடி நிற்க, அவற்றின் நுண்ணிழைகளைக் கூழ் போன்ற கவிகை மூடியிருக்கிறது. நீர் அசைந்தால் கவிகை சாயும்; இழைகள் வளையும். ஒருபுறம் வளைந்தால் நரம்புத் துடிப்பு மிகும். எதிர்ப்புறம் வளைந்தால் குறையும். எதிரெதிர்த் திசை நோக்கிய செல்கள் அருகருகே இருப்பதால், அசைவு வந்த திசையை மீன் அறிகிறது. தோல்மீது உள்ளவை நீரோட்டத்தின் வேகத்தை உணர்த்தி, எதிர்நீச்சலுக்கு உதவுகின்றன. குழாயினுள் உள்ளவை ஓட்டத்தில் நேரும் திடீர் மாற்றங்களை உணர்கின்றன. ஓடும் நீரிலும் இரையின் துடிப்பைப் பிரித்தறிகின்றன.

காணாமல் காணுதல்
பிட்சர், பார்ட்ரிட்ஜ், வார்டில் ஆகிய மூவர் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண்கள் மறைக்கப்பட்ட மீன்களும் கூட்டத்தோடு இணைந்து நீந்தின. கண்மறைப்போடு பக்கக்கோட்டு நரம்பும் துண்டிக்கப்பட்ட மீன்களால் அவ்வாறு நீந்த இயலவில்லை. மெக்சிகோ நாட்டுக் குகைகளில் வாழும் கண்ணற்ற மீன்கள் இப்புலனின் துணைகொண்டே தடைகளை அறிந்து விலகுகின்றன. எனினும் இதன் எல்லை குறுகியது. மீனின் உடல் நீளத்தைப்போல் ஓரிரு மடங்குத் தொலைவே எட்டும். ஆகவே இதனைத் தொலைவிலிருந்து தொட்டறிதல் எனலாம்.

ஆற்றின் நலமும் மீனின் புலனும்
மனிதரின் உட்செவியிலும் இத்தகைய மயிர்ச்செல்களே உள்ளன. மனிதச் செவியில் ஒலியுணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை; மீனின் பக்கக்கோட்டில் அவை புதிதாகத் தோன்றும். ஆனால் அதற்கு நீர் தூயதாக இருத்தல் வேண்டும். நீரில் கரைந்த செம்பு, சிறிதளவே ஆயினும், இச்செல்களைச் சிதைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. கழிவுநீர் வெளியேற்றம் அறவே நிற்கும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சாயக்கழிவின் நிறம் கண்ணுக்குத் தெரியும். கரைந்த உலோகமோ தெளிந்து தோன்றும் நீரிலும் இருக்கக்கூடும். மழை கொணரும் கலங்கலில் மீன் தன் பக்கக்கோட்டின் துணையால் வாழும். நஞ்சு கலந்த நீரிலோ அத்துணையையே இழக்கும். எனவே ஆற்றைக் காத்தல் என்பது அதில் வாழும் உயிர்களின் புலன்களையும் காத்தலாகும்.

கற்பவை கற்றபின்
மீன் அங்காடிக்குச் சென்று, மூவகை மீன்களின் பக்கக்கோட்டை உற்றுநோக்கிப் படம் வரைந்து, அவற்றின் வேறுபாடுகளை வகுப்பில் எடுத்துரைக்க.