ரேம் நிறைந்தால் ஸ்வாப் கைகொடுக்கும்

ஆசிரியரின் மேசை சிறியது. திருத்த வேண்டிய நோட்டுகளோ நிறைய. உடனடியாகத் தேவைப்படாத கட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம். லினக்ஸ் கணினியில் ரேம்தான் மேசை. வன்தட்டிலுள்ள ஸ்வாப் இடம்தான் அலமாரி. நினைவக மேலாண்மையை மாணவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குகிறேன்.

இரண்டும் நிறைந்துவிட்டால், இயங்கும் நிரல்களுள் ஒன்றைக் கெர்னல் தானே நிறுத்திவிடும். மாணவர் சேமிக்காத வேலை அதோடு போய்விடும். 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகளில் இது எளிதில் நேரும்.

ஸ்வாப்பைக் கூட்ட வன்தட்டைப் புதிதாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பு போதும். நிர்வாகி உரிமையுடன் டெர்மினலில் செய்ய வேண்டியவை:

1. 'ஃப்ரீ' கட்டளையால் தற்போதைய அளவைப் பாருங்கள்.

2. 'டிடி' கட்டளையால் 2 ஜிபி அளவில் புதிய கோப்பை உருவாக்குங்கள். ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள தரவு அழிந்துவிடும்.

3. 'சிஎச்மாட்' கட்டளையால் அனுமதியை 600 என மாற்றுங்கள். ரேமிலிருந்த கடவுச்சொல்கூட இக்கோப்புக்கு வரலாம். பிறர் படிக்கக் கூடாது.

4. 'எம்கேஸ்வாப்' கட்டளையால் தயார்செய்து, 'ஸ்வாப்ஆன்' கட்டளையால் இயக்குங்கள்.

5. கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்க, 'எஃப்எஸ்டேப்' கோப்பில் இதற்கான வரியைச் சேருங்கள்.

மீண்டும் 'ஃப்ரீ' கொடுத்தால் கூடுதல் அளவு தெரியும்.

ஸ்வாப் ரேமுக்கு ஈடாகாது. வன்தட்டு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. எனவே கணினியின் வேகம் கூடாது. மாணவர் சேமிப்பதற்குள் நிரல் நின்றுபோகும் வாய்ப்பு குறையும். எப்போதும் ஸ்வாப் நிறைந்தே இருந்தால், ரேமைக் கூட்டுவதே சரியான தீர்வு.