நாலு கொம்பு மாடு

ஐப்பசி மழை விட்ட காலையில் செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படி ஏறுகிறவர்கள் குனிந்து பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். ஈரக் கல்லில் நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கோட்டையை ஆண்டவர்கள் பல பாஷைக்காரர்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள் நத்தைக்கு.

நாயக்கர்களின் தெலுங்கில் இது ‘நத்த’. நம் நத்தையின் உடன்பிறப்பு. 1677-இல் சிவாஜியோடு வந்த மராத்தியில் ‘கோகல்காய்’. இந்தக் ‘காய்’ பசுமாடு! கன்னடத்திலும் ‘பசவன ஹுளு’, அதாவது காளைப்புழு. 1698-இல் கோட்டையைப் பிடித்த முகலாயப் படை ஏழெட்டு ஆண்டு அதைச் சுற்றிக் கிடந்தது. நத்தையைக் கேலி செய்யும் யோக்கியதை அவர்களுக்கு இல்லை. 1750-இல் வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இது தட்டில் வைக்கும் ‘எஸ்கார்கோ’. 1761-இல் வந்த ஆங்கிலேயரின் ‘ஸ்நெய்ல்’, ஊர்தலைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. பாம்பைக் குறிக்கும் ‘ஸ்நேக்’கும் அதே வேர்தான்.

மாடு என்றது கொம்பைப் பார்த்து. ஆனால் நில நத்தைக்குக் கொம்பு நாலு. மேலே நீளமான இரண்டின் நுனியிலும் கரும்புள்ளியாகக் கண். விரலால் லேசாகத் தொட்டால், சட்டைக் கையை உட்புறமாக இழுத்ததுபோல் கண் குழலுக்குள் புகுந்துவிடும். கீழே உள்ள குட்டைக் கொம்புகள் தரையைத் தடவி ருசியும் வாசனையும் பார்க்கும்.

தொல்காப்பியர் கொம்பை விட்டுப் புலனை எண்ணினார். மரபியலில் ‘நந்து’வுக்கு அவர் தந்தது தொடுதல், சுவைத்தல் என்ற இரண்டறிவு. சங்கு, நத்தை எல்லாம் நந்து என்கிறார்கள் உரைகாரர்கள். இன்றைய விலங்கியல் இன்னும் இரண்டைக் கூட்டுகிறது. ஒன்று மோப்பம்: நத்தை இரை தேடுவதே அதை நம்பித்தான். வயல் நத்தைக்கு, உள்ளே வரும் நீரைச் சோதிக்கவே தனி உறுப்பு இருக்கிறது. மற்றது பார்வை: வெளிச்சமும் நிழலும் தெரியும் அளவுக்கு, மங்கல்தான். காது மட்டும் கிடையாது. தமிழில் ‘ஊமச்சி’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. குரலும் இல்லாததால் அது பொருத்தமே.

1847-இல் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களையும் மேயும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். கண்ணுள்ள கொம்பு அறுபட்டால், கண்ணோடு சேர்த்தே புதிதாக வளர்த்துக்கொள்ளும்.