நோயாளரின் மன நிம்மதியை அளத்தல்: கோப்பெங் வட்டாரத் தமிழை முன்வைத்து ஒரு நோக்கு

உடல்வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து பதிவு செய்யும் தாதியர், நோயாளரின் உள்ளத்து அமைதியையும் அளக்க இயலுமா? 2002-இல் வெளியிடப்பட்ட ஃபேசிட்-எஸ்பி வினாநிரல் இதற்கென எழுந்த கருவிகளுள் ஒன்றாகும். அதன் 12 கூற்றுகளுள் 4 மன அமைதி பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. 2006-இல் கேரன் ஸ்டைன்ஹவுசர் குழுவினர், கடுநோயாளர் 248 பேரிடம் ஆய்ந்து, மன அமைதி உண்டா என்னும் ஒற்றை வினாவே அவர்தம் உள்ளக் கவலைகளை அறிய வழிவகுக்கும் எனக் காட்டினர்.

இவ்வினாவைத் தமிழில் எச்சொல்லால் கேட்பது என்பதே நம் சிக்கல். கோப்பெங் வட்டாரத்து முன்னாள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் இன்று முதியோர். பத்து காஜாவிலோ கம்பாரிலோ ஈப்போவிலோ படுக்கையில் இருக்கும் அவர்களிடம் 'அமைதியாக இருக்கிறீர்களா' என்றால், சத்தம் போடாமல் இருப்பதைக் கேட்பதாகவே கொள்ளக்கூடும். 'சாந்தி' இரங்கல் செய்தியில் ஆத்மாவோடு சேர்ந்து வரும் சொல். நோயாளியிடம் அதைச் சொல்வது அபசகுனம். 'சமாதானம்' கிறித்துவர்க்குப் பொருந்தினும் ஏனையோர்க்குச் சண்டை தீர்ந்ததையே நினைவூட்டும். எஞ்சுவது 'நிம்மதி'. கன்னடத்து 'நெம்மதி'யோடு உறவுடைய இச்சொல்லைத் தூய தமிழ் நாடுவோர் விரும்பார் எனினும், தோட்டத்து வழக்கில் கவலையற்ற நெஞ்சைக் குறிப்பது இதுவே எனலாம்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, அதனை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்ப்பது வழக்கம். 'அமைதி' இச்சோதனையில் எளிதில் தேறிவிடும். பெயர்ப்பவர் இருவரும் படித்தவர் அல்லவா! கேட்பவர் செவியில் நிகழும் பிறழ்ச்சி அங்கே புலப்படாது. மேலும், முனகாது கிடப்பவரை அமைதியானவர் எனப் பதிவேட்டில் குறிப்பதும் உண்டு. வாய் மூடியிருப்பது வேறு, மனம் ஆறியிருப்பது வேறு.

சொல் சரியானாலும் மரியாதை குறுக்கே நிற்கும். "பாட்டி, மனசு நிம்மதியா இருக்குங்களா?" என்றால் "இருக்கு மிஸ்ஸி" என்றே விடை வரும், தாதியின் மனம் நோகலாகாது என்பது அவர் எண்ணம். எனவே எண்ணைக் குறித்தவுடன் நகராமல், "ராத்திரி எதை நினைச்சுத் தூக்கம் வரல?" என அடுத்த வினாவையும் தொடுத்தல் வேண்டும். வலி என்றால் மருத்துவரிடமும், பிள்ளைகளைக் காணாத ஏக்கம் என்றால் குடும்பத்தாரிடமும் தெரிவிக்கலாம். மதிப்பெண் பராமரிப்பாக மாறுவது இவ்விடத்தில்தான். இவ்வினாக்களைப் பால்மரம் வெட்டியவர்களிடமே முதலில் கேட்டுப் பார்த்து, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டனர் என்பதை அவர்தம் சொல்லிலேயே எழுதிக்கொள்ளும் பணி தமிழ்த்துறை மாணவர்க்கு உரியதாகும்.