ஆபரேஷனுக்கு முன் அப்பாவின் குறட்டையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்?

பெஸ்தாரி ஜெயா, ஜெராம் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அப்பா குறட்டை விட்டால், "உழைச்ச களைப்பு, விடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே அப்பா ஆபரேஷனுக்காக சுங்கை பூலோ மருத்துவமனைக்குப் போகிறார் என்றால், மயக்க மருந்து டாக்டர் அந்தக் குறட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

எல்லாக் குறட்டையும் ஆபத்தல்ல. சத்தம் திடீரென நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறி மூச்சை இழுத்தால் அது 'ஸ்லீப் அப்னியா'வாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. சாதாரண நாளில் மூளை உஷாராகி ஆளை உசுப்பிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு நிலைமை வேறு. மயக்க மருந்தும் மார்ஃபின் போன்ற வலி மருந்துகளும் அந்த 'அலாரத்தையே' மழுங்கடித்துவிடும்.

மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. இதய ஆபத்துக் காரணிகள் உள்ள, 45 வயதைத் தாண்டிய 1,218 பேர். மூன்றில் இரண்டு பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது, அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை! ஆபரேஷன் முடிந்த 30 நாட்களுக்குள் இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல் வந்தவர்கள், கடுமையான அப்னியா உள்ளோரில் சுமார் 30 விழுக்காடு. அப்னியா இல்லாதவர்களில் 14.

"சொன்னா தேதியைத் தள்ளிப் போட்டுடுவாங்களே" என்று பலர் மறைக்கிறார்கள். சந்தேகம் இருப்பதாலேயே ஆபரேஷன் ரத்தாகிவிடாது. முடிந்தால் முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். மார்ஃபினைக் குறைப்பார்கள். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, விரலில் கருவி மாட்டி ஆக்ஸிஜன் அளவைத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

டாக்டர் மலாயில் "பெர்டெங்கூர்?" என்று கேட்கும்போது அப்பா தலையாட்டிச் சமாளிப்பார். தூங்குபவருக்குத் தன் குறட்டை எப்படித் தெரியும்? கூடப் போகும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: மூச்சு நிற்கிறதா, பகலில் தூங்கி வழிகிறாரா, ரத்த அழுத்தம் உண்டா. முந்தின வாரமே கைப்பேசியில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே சிபாப் மெஷின் பயன்படுத்துகிறார் என்றால், மாஸ்க்கோடு அதையும் வார்டுக்கு எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய முதல் சில இரவுகள் மல்லாந்து படுக்க விடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.