நீலத்துக்குள் ஒரு பயணம் – 9: கட்டைவிரல் சொல்லும் சேதி

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், தஹாப் ஊருக்கு வடக்கே, மொட்டை மலை கடலோரம் வந்து முடியும் இடத்தில் ஒரு பாறைச்சுவர் இருக்கிறது. அதில் நினைவுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. பல பலகைகளில் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இருபது சொச்சம், முப்பது சொச்சம் ஆண்டுகள்தான்.

அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே ‘புளூ ஹோல்’. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் போதும், காலுக்கடியில் கிணறுபோல் ஏறக்குறைய 100 மீட்டர் இறங்கும் பள்ளம். சுற்றிலும் பவளப்பாறை. கடல் பக்க விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பாறை தாழ்ந்து, ஆறேழு மீட்டர் ஆழத்தில் ஒரு வாசல் விட்டிருக்கிறது. டைவர்கள் அதைச் ‘சேணம்’ என்பார்கள். வெளிக்கடலுக்குப் போக இன்னொரு வழியும் உண்டு. சுமார் 55 மீட்டர் ஆழத்தில், பாறையைக் குடைந்தாற்போல் ஒரு வளைவு. அதன் நீளம் 26 மீட்டர்.

அந்த வளைவு கண்ணை ஏமாற்றும். செங்கடலின் நீர் அவ்வளவு தெளிவு. மறுபக்கத்து வெளிச்சம் நீலமாக உள்ளே விழும்போது, இதோ பக்கத்தில்தான் இருக்கிறது, நாலு உதை உதைத்தால் தாண்டிவிடலாம் என்று தோன்றும். பக்கச்சுவர் செங்குத்து, தரையோ கண்ணுக்கு எட்டாது. எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்பதைக் காட்டிக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் இளம் டைவிங் பயிற்றுநர் அங்கே இறங்கினார். அவரது உடலும், அவர் கொண்டுபோன கேமராவும் 91 மீட்டர் ஆழத்தில் கிடைத்தன. மேலே கொண்டுவந்தவர் எகிப்திய டைவர் தாரிக் உமர். அந்த இடத்திலிருந்து அவர் மீட்டெடுத்த உடல்கள் இன்னும் பல.

நேற்றுத்தான் சான்றிதழ் வாங்கிய ஒருவர் 55 மீட்டருக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் இந்தக் கதை அவருக்கும் உரியது. பயிற்றுநரையே இழுத்துப்போன அதே விசைகள் 18 மீட்டரிலும் வேலை செய்கின்றன, கொஞ்சம் மெதுவாக.

18 மீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? பாடி, எஸ்எஸ்ஐ போன்ற பயிற்சி அமைப்புகள் ‘ஓப்பன் வாட்டர்’ முடித்தவருக்குச் சொல்லும் ஆழம் அது. அதற்கடுத்த படி 30. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு 12. ‘ஓப்பன் வாட்டர்’ அட்டை வாங்கத் திறந்த நீரில் முடிக்க வேண்டிய டைவ்களோ நான்கே நான்கு. நாலு முறை இறங்கி ஏறியவரின் கையில் 18 என்று எழுதிய அட்டை. அதைப் பலரும், ‘இனி நான் 18க்குப் போகத்தான் வேண்டும்’ என்று படித்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அட்டை சொல்வது, இதற்குக் கீழே போகாதே என்று மட்டும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1, பத்து மீட்டரில் 2, முப்பதில் 4. அழுத்தம் எத்தனை மடங்கோ, ஒவ்வொரு மூச்சுக்கும் டேங்கிலிருந்து போகும் காற்றும் அத்தனை மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் டேங்கில் 2,400 லிட்டர் காற்று. 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிச்சம் 1,800. நிதானமாக மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டரில் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கிடைக்கும். பதற்றத்தில் இருக்கும் புதியவர் 30 லிட்டர் இழுத்தால், 18 மீட்டரில் இருபது நிமிடம் தாண்டினாலே அதிகம்.

அவர் போட்டிருக்கும் நியோப்ரீன் உடை சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளால் ஆனது. இறங்க இறங்க அந்தக் குமிழிகள் நசுங்கும், உடையின் மிதப்பு குறையும், ஆள் கனப்பார். கனக்கக் கனக்க இன்னும் வேகமாக இறங்குவார். சரியான நேரத்தில் மிதப்பு ஜாக்கெட்டுக்குள் காற்றை ஊதிக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் கைக்கு வர நாலு டைவ் பலருக்கும் போதாது.

ஆழம் போகப் போக நிறங்களும் மங்கும். சிவப்பு நிறம்தான் முதலில் மறையும். 20 மீட்டரில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். பார்த்தவர்கள் திடுக்கிட்டுப்போவார்கள்.

முப்பதை நெருங்கும்போது இன்னொன்று சேர்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜன் மூளையை மழுங்கடிக்கும். சிலருக்குக் குடிபோதைபோல் ஓர் உற்சாகம். சிலருக்குக் காரணமில்லாத திகில். நீருக்கடியில் மூச்சு விட உதவும் ஆக்வாலங் கருவியை ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் உருவாக்கிய பிறகு, பிரெஞ்சுக் கடற்படைக் குழுவொன்று அதை வைத்து எவ்வளவு ஆழம் போக முடியும் என்று சோதித்தது. 1947இல் மொரீஸ் ஃபார்க் இறங்கினார். சாதாரண ஆளில்லை, தேர்ந்த டைவர். எடைக் கயிற்றில் ஆழத்துக்கு ஒன்றாகச் சிலேட்டுகள் கட்டியிருந்தார்கள். போய்ச்சேர்ந்த ஆழத்துச் சிலேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். இடுப்புக் கயிற்றை இழுத்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே போனார். திடீரென்று இழுப்பு நின்றது. மேலே தூக்கியபோது மூச்சுக்குழாயின் வாய்ப்பகுதி உதட்டிலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் போராடியும் உயிர் திரும்பவில்லை. 120 மீட்டர்ச் சிலேட்டில் அவருடைய கையெழுத்து இருந்தது.

நலம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். மழுங்கிய மூளைக்குத் தான் மழுங்கியது தெரியாது. அதனால்தான் எல்லையைக் கரையில் இருக்கும்போதே, தெளிந்த மண்டையோடு முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள்.

போதை ஏறாத ஆழத்திலும் பயம் வரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மோர்கன் ஸ்கூபா டைவர்களின் பதற்றத்தைப் பற்றி 1990களில் ஆராய்ந்தார். ஒருமுறையாவது நீருக்கடியில் பீதியையோ அதற்கு மிக அருகிலான நிலையையோ உணர்ந்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். அதற்கு ஒரு சுழல் உண்டு. மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் கசிகிறது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடுகிறது. உடம்பில் கார்பன் டைஆக்சைடு தேங்குகிறது. தேங்கியதும் காற்றே வராததுபோல் நெஞ்சு அடைக்கிறது. இன்னும் வேகமாக மூச்சு. அந்தக் கணத்தில் ரெகுலேட்டரை வாயிலிருந்து பிடுங்கி எறியவும் கை போகும். அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயத் தோன்றும். ஏறும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்துகொண்டே போகும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆழம் குறைவு என்பதால் இந்த ஆபத்து போய்விடாது. கடைசிப் பத்து மீட்டரில்தான் காற்று இரண்டு மடங்காக விரிகிறது.

இந்தச் சுழலை முளையிலேயே நிறுத்த டைவர்களிடம் ஒரு சைகை உண்டு. கட்டைவிரலை நிமிர்த்துவது. தரையில் அதற்கு ‘பிரமாதம்’ என்று பொருள். நீருக்குள் ‘மேலே போவோம்’ என்று பொருள். குகை டைவர்கள் இதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் டைவை முடித்துக்கொள்ளலாம். விரல் நிமிர்ந்தால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று படகில் ஏறிய பிறகும் குத்திக்காட்டக் கூடாது. ஸ்கூபா உலகம் கண்டுபிடித்த நல்ல விஷயங்களில் ஆக்வாலங்குக்கு அடுத்து இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த விரலைத் தூக்குவது லேசான காரியம் இல்லை. படகில் எட்டுப் பேர். ஏழு பேர் ஐம்பது டைவ் முடித்தவர்கள். காசு கட்டியாயிற்று, வந்தது விடுமுறைக்கு. ‘என்னால் எல்லாருடைய நாளும் கெட்டுப்போகுமே’ என்ற கூச்சம் தண்ணீரைவிடக் கனமாக அழுத்தும். ஆகவே வழிநடத்தும் டைவ் மாஸ்டரிடம் படகிலேயே பேசிவிடுவது நல்லது: “இன்றைக்கு எனக்கு 12 மீட்டர் போதும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, நீரோட்டத்தில் நீந்திப் பழக்கமும் இல்லை.” நல்ல டைவ் மாஸ்டர் இதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றுவார். முகம் சுளிப்பவரோடு இறங்க வேண்டாம். எல்லை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். குளிர், கலங்கல், மூக்கடைப்பு, கூட வருபவர் யார், எல்லாவற்றையும் பொறுத்தது அது.

கிழக்கிலங்கையில், மட்டக்களப்புக் கடலிலும் எல்லை மீறி ஆழம் போகும் சபலம் காத்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உலகெங்குமிருந்து டைவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஏறும்போது அழுத்தக்குறைப்பு நிறுத்தங்கள் வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சு துள்ளுகிற இளைஞருக்குக் கப்பல் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது என்பதை யாராவது நினைவூட்டினால் நல்லது.

தஹாபிலும் அப்படித்தான். புளூ ஹோலுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் அந்த வளைவின் பக்கம் போவதே இல்லை. சேணத்தின்மேல், ஆறேழு மீட்டரில் மிதக்கிறார்கள். அந்த ஆழத்தில் சிவப்பு இன்னும் முழுதாக மங்கவில்லை; பவள மேட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆந்தியாஸ் மீன்கள் ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. குனிந்தால் கீழே நீலம் கருநீலமாகி எங்கோ போகிறது. டேங்கில் இன்னும் 120 பார் இருக்கிறது.

(தொடரும்)