அரை இஞ்ச் தகராறு!

செங்கல் கட்டியாச்சு, தளம் போட்டாச்சு. 'நாளைக்குப் பூச்சு ஆரம்பிச்சிடலாம் சார்' என்கிறார் மேஸ்திரி. ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓட வேண்டிய நாள் இதுதான்.

சுவிட்ச், பிளக் எல்லாம் உட்காரப் போவது சுவருக்குள் புதைக்கிற பெட்டியில். அதைப் பதிப்பவர் எலெக்ட்ரீஷியன். மேலே கலவை அடிப்பவர் கொத்தனார். ரெண்டு பேருக்கும் நடுவே ஓர் அரை இஞ்ச்! உள்சுவர்ப் பூச்சின் கனம் சுமார் 12 மில்லிமீட்டர். பெட்டி விளிம்பு செங்கலோடு சமமாக நின்றுவிட்டால், பூசியபின் குழிக்குள் போய்விடும், திருகு எட்டாது. ரொம்ப நீட்டினாலோ, சுவிட்ச் பலகைக்குப் பின்னால் பல்லி குடித்தனம் நடத்தும். அப்புறம் 'அவன் வெச்சது சரியில்லை' என்று இவர், 'இவன் பூசினது சரியில்லை' என்று அவர். காசு கொடுத்தவர் நடுவில் பேந்தப் பேந்த முழிப்பார்.

பூச்சுக் கனத்துக்கு நூல் பிடித்து, பெட்டி விளிம்பை அந்த மட்டத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். கோணல் இல்லாமல் ரசமட்டம் வைத்துப் பார்க்கணும். பிறகு பெட்டிக்குள்ளும் பைப் வாயிலும் பழைய பேப்பரைத் திணிக்கணும் (வார இதழ்களும் இதற்கு உதவும், வருத்தம்தான்!). விட்டால் கலவை உள்ளே போய் இறுகிவிடும். வயர் இழுக்கும்போது பாதி வழியில் நின்றுவிடும்.

செம்மண்டலம் மாதிரி கடலூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் கவலை உண்டு. உப்புக் காற்றில் சாதா இரும்புப் பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டியோ, துத்தநாகம் பூசியதோ தேவலை. உலோகப் பெட்டி என்றால் எர்த் வயர் அதோடு கட்டாயம் சேரணும்.

அதைவிடப் பெரிசு, உயரம். பார்வையாக இருக்குமே என்று தரையிலிருந்து ஓரடியில் பிளக் வைக்கிறோம். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது! தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும்? உங்கள் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் நின்ற உயரத்தைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பிளக் அதற்கு மேலே போகட்டும். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும். மின்சாரம் கசிந்தால் அது சட்டென்று துண்டித்துவிடும். ஆனால் அதை நம்பிக்கொண்டு பிளக்கைக் கீழே வைக்காதீர்கள். இன்றைக்குப் பெட்டியை மேலே ஏற்றுவது ஒரு மணி நேர வேலை. பூசிய பிறகென்றால் சுத்தியலும் உளியும்தான்.

கலவைச் சட்டி வருவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது, பைப் எந்தப் பக்கம் போகிறதென்று அது சொல்லும்.