'மார்ஜின்' என்னும் விளிம்பு

பழைய அரபுக் கிதாபுகளைப் புரட்டியவர்கள் பக்கத்தின் ஓரத்தை வெற்றிடமென்று கருதமாட்டார்கள். எகிப்தின் பூலாக் அச்சகப் பதிப்புகளில் நடுவே ஒரு நூலும், அதைச் சூழ்ந்த ஓரத்தில் மற்றொரு நூலும் அச்சாகியிருப்பதைக் காண்கிறோம். இப்னுல் ஹுமாமின் 'ஃபத்ஹுல் கதீர்' அவ்வாறே 'அல்இனாயா'வை ஓரத்தில் தாங்கி வெளிவந்தது. அந்த ஓரத்திற்கு அரபியில் 'ஹாமிஷ்' என்று பெயர். இன்றைய அரபு வணிக ஏடுகள் ஆங்கிலத்தின் 'மார்ஜின்' என்னும் சொல்லுக்கு நேராக இதையே ஆள்கின்றன. வணிகரின் இலாப விகிதமும் ஹாமிஷ். பங்குத் தரகரிடம் கட்டும் முன்தொகையும் ஹாமிஷ்.

தமிழ் இவ்வகையில் ஓரளவு பிரித்துப் பேசுகிறது. இலாப விளிம்பு என்றும், பொருளியலில் இறுதிநிலைப் பயன்பாடு என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எழுதுகின்றன. பின்னதை இலங்கையர் எல்லைப் பயன்பாடு என்பர். ஆயினும் கடைத்தெருவிலும் தரகர் அலுவலகத்திலும் வழங்குவது மார்ஜின் என்ற ஒரே சொல்தான். இதனால் விளையும் குழப்பம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. "மார்ஜின் கூடுமா?" என்று ஓர் இளைஞர் ஆலிம் ஒருவரிடம் வினவும்போது, கேட்பவர் பங்குச் சந்தைக் கடனை நினைக்க, விடை சொல்பவர் வியாபார இலாபத்தை நினைப்பதற்கு இடமுண்டு. இலாபத்திற்கு ஷரீஅத் உச்சவரம்பு விதிக்கவில்லை என்ற சரியான விடை, கடன் வாங்கிச் சூதாடுவதற்கான அனுமதியாக வீடு போய்ச் சேரும்.

முதலில் இலாபத்தைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கிவர உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. அரைத் தீனார் அடக்கமான ஆடு ஒரு தீனாருக்கு விலைபோயிற்று. அடக்கத்தின் மேல் நூற்றுக்கு நூறு இலாபம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் இலாபத்திற்குக் குறிப்பிட்ட வரம்பில்லை என்றே தீர்மானித்தது. மோசடி, ஏமாற்று, பதுக்கல் ஆகியவை கலவாதிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

எனவே இலாபம் எவ்வளவு என்பதைவிட, அதை எதன் மேல் கணக்கிடுவது என்பதே ஃபுகஹாக்களைப் பெரிதும் ஈர்த்த வினா. 800 ரூபாய்க்கு வாங்கிய துணியை 1,000 ரூபாய்க்கு விற்கும் வணிகரின் இலாபம் 200. இதை அடக்கத்தின் மேல் கணக்கிட்டால் 25 விழுக்காடு. விற்பனை விலையின் மேல் கணக்கிட்டால் 20 விழுக்காடு. இக்காலக் கணக்கியலில் மார்ஜின் எனப்படுவது இரண்டாவது. முற்கால வணிகரோ முதலாவதையே பேசினர். 'தஹ் யாஸ்தஹ்' என்ற பாரசீகத் தொடர் அரபு ஃபிக்ஹு நூல்களில் அப்படியே இடம்பெற்றுள்ளது. 'பத்துக்குப் பதினொன்று' என்பது அதன் பொருள்; பத்து அடக்கத்திற்கு ஒன்று இலாபம். இவ்வாறு விகிதம் கூறி விற்பதை இமாம் அஹ்மத் (ரஹ்) போன்றோர் விரும்பவில்லை. கூட்டிப் பார்த்தாலன்றி விலை தெரியாத நிலை அதில் இருப்பதே காரணம்.

அந்தத் தயக்கத்தின் நியாயம் நம் காலத்தில் நன்கு விளங்குகிறது. அடக்கத்தையும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முராபஹாவில், "20 விழுக்காடு இலாபம் வைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் கூறுகிறார். அடக்கம் 800 என்றால் வாங்குபவர் எதிர்பார்க்கும் விலை 960. விற்பவர் கணக்கியல் மார்ஜினை மனத்தில் கொண்டு 1,000 கேட்டால், இடையில் நிற்கும் 40 ரூபாய் யாருடையது? பேரம் பேசி விற்கும் முஸாவமாவில் இக்கேள்வி எழாது; அங்கே அடக்கத்தைச் சொல்லும் கடமையே இல்லை. முராபஹா அமானிதத்தின் மேல் நிற்கும் வியாபாரம். அதில் அடக்கத்தைக் கூட்டிச் சொன்னது வெளிப்பட்டால், அதே விலைக்கு ஏற்பதா திருப்பித் தருவதா என்னும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. கூட்டிச் சொன்ன தொகையும் அதற்குரிய இலாபமும் விலையிலிருந்து கழிக்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்.

அடக்கத்தில் எவற்றைச் சேர்க்கலாம் என்பது இன்னும் நுட்பமானது. ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்ஃகீனானீ தம் 'ஹிதாயா'வில், துணியை வெளுத்தவர், சாயமிட்டவர் ஆகியோரின் கூலியையும், தானியத்தைச் சுமந்துவந்த கூலியையும் அடக்கத்தில் சேர்க்க இடமளிக்கிறார். மேய்ப்பவரின் கூலியையும் சரக்கை வைத்துக் காத்த இடத்தின் வாடகையையும் சேர்க்கலாகாது என்கிறார். பொருளின் தன்மையையோ மதிப்பையோ உயர்த்திய செலவு முதல் வகை. வெறுமனே வைத்திருந்த செலவு மற்றது. கூலியைச் சேர்த்தவர் "இன்ன விலைக்கு வாங்கினேன்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு இன்ன விலையில் அடங்கியது" என்றே சொல்ல வேண்டும். நாம் அன்றாடம் வழங்கும் 'அடக்கவிலை' என்ற தமிழ்ச்சொல் அந்த இரண்டாம் கூற்றின் பொருளையே ஏந்தி நிற்பது நமக்கு வியப்பளிக்கிறது.

இக்காலக் கணக்கேட்டின் மொத்த மார்ஜினுக்கும் செயல்பாட்டு மார்ஜினுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறக்குறைய இந்த இடத்தில்தான் விழுகிறது. விற்பனையிலிருந்து சரக்கின் அடக்கத்தை மட்டும் கழித்தால் மொத்த மார்ஜின். கடை வாடகை, சம்பளம் முதலியவற்றையும் கழித்தால் செயல்பாட்டு மார்ஜின். கடன் செலவும் வரியும் போக எஞ்சுவது நிகர மார்ஜின். முதலாவதை மட்டும் காட்டிப் பங்காளி சேர்க்கும் தொழில்களை நாம் அறிவோம். முளாரபாவில் முதலிட எண்ணுவோர் மூன்றாவது எண்ணைக் கேட்டுப் பெறுவது நல்லது.

வங்கியார் கூறும் மார்ஜின் வேறு. அடைமானத்தின் மதிப்பு முழுவதற்கும் அவர்கள் கடன் தருவதில்லை. 10 இலட்சம் பெறும் இயந்திரத்திற்கு ஏழரை இலட்சம் கடன் என்றால், கடனாளி தம் கையிலிருந்து போடும் இரண்டரை இலட்சம் மார்ஜின் தொகை. விலை வீழ்ந்தால் முதலில் அடிவாங்கும் மெத்தை அது.

பங்குச் சந்தையில் இதே மெத்தை மெலிந்துபோன வரலாறு உண்டு. 1920களின் நியூயார்க்கில் விலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கையிலிருந்து கட்டி, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்றுப் பங்கு வாங்க முடிந்தது. 1,000 டாலர் போட்டு 10,000 டாலர் பங்கு வாங்கியவருக்கு விலை பத்து விழுக்காடு ஏறினால் முதல் இரட்டிக்கும். பத்து விழுக்காடு இறங்கினால் முதல் முழுதும் அழியும், 9,000 டாலர் கடன் நிற்கும். 1929 அக்டோபர் 28, 29 ஆகிய இரு நாள்களில் டோ ஜோன்ஸ் குறியீடு நாளொன்றுக்குப் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக வீழ்ந்தது. குறைந்த மெத்தையை நிரப்பும்படி தரகர் விடுக்கும் கோரிக்கையே 'மார்ஜின் கால்'. நிரப்ப இயலாதவரின் பங்குகளைத் தரகர்கள் விற்றனர். அவ்விற்பனை விலையை மேலும் தாழ்த்தி அடுத்தவருக்கும் அதே கோரிக்கையை வரவழைத்தது. 1934ஆம் ஆண்டின் பங்குச் சந்தைச் சட்டம் இவ்விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமெரிக்க மத்திய வங்கிக்கு அளித்தது. 1974 முதல் அங்கே தொடக்க மார்ஜின் 50 விழுக்காடு.

முன்பேர வணிகத்தில் கட்டும் மார்ஜின் கடனுமன்று. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவோம் என்பதற்கான பிணைத்தொகை அது. அன்றாட விலைக்கேற்ப அதில் நட்டம் கழிக்கப்படும், இலாபம் சேர்க்கப்படும். இங்கே ஃபிக்ஹின் ஆட்சேபம் வட்டியை முதன்மையாகக் கொண்டதன்று. விலை, பொருள் இரண்டுமே பிற்காலத்திற்குத் தள்ளப்படுதல் பற்றியது. ஆட்சேபத்தை விட்டாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தனர் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

கடன் வகை மார்ஜின் வணிகத்தைப் பற்றி ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் 2006 ஏப்ரலில் மக்காவில் நடந்த தன் 18ஆம் அமர்வில் கூடாதென்று தீர்மானித்தது. காட்டிய காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. கணக்கை மறுநாளுக்குக் கொண்டுசெல்லத் தரகர் பெறும் கட்டணம் கடனின் மேல் வாங்கும் ரிபா. அடுத்து, தம் வழியாகவே வாங்கி விற்க வேண்டும் என்று தரகர் விதிப்பது, கடனையும் வியாபாரத்தையும் ஒன்றாகப் பிணைப்பது. அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அந்நியச் செலாவணித் தளங்கள் சில 'இஸ்லாமியக் கணக்கு' என்ற பெயரில் இரவுக் கட்டணத்தை நீக்கித் தருகின்றன. முதல் காரணம் அதனால் நீங்கலாம். கடன் தந்து அதன் வழியே தரகுப் பயன் பெறும் இரண்டாம் காரணம் அப்படியே இருக்கிறது. நூறு மடங்கு கடன் தரும் தளத்தில் விலை ஒரு விழுக்காடு எதிர்த்திசையில் அசைந்தால் போட்ட பணம் தீர்ந்துபோகும் என்பதையும் அந்தப் பெயர் மாற்றிவிடாது. இந்தியாவில் வாழ்வோர்க்குச் சட்டச் சிக்கலும் உண்டு. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது.

இதே சொல்லைத் தாங்கிய ஒன்று இஸ்லாமிய வங்கிகளில் ஆகுமானதாக இருக்கிறது: 'ஹாமிஷ் ஜித்திய்யா'. முராபஹாவில் ஒரு பொருளை வாங்கித் தருமாறு கேட்டு, தானும் வாங்கிக்கொள்வதாகக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி தரும் வாடிக்கையாளர், தம் உறுதிக்கு அடையாளமாக முன்னரே கட்டும் தொகை இது. விற்பனை ஒப்பந்தம் நிகழாத நிலையில் பெறப்படுவதால் இது உர்பூன் அன்று. உர்பூன் ஒப்பந்தத்தின்போது தரும் அச்சாரம். வாங்குபவர் பின்வாங்கினால் அது விற்பவருக்கே உரியது. ஹன்பலீ மத்ஹப் அதை ஏற்க, ஏனைய மூன்றும் மறுத்தன. 1993இல் புரூணையில் கூடிய ஃபிக்ஹு அகாதமி கால வரையறையுடன் அனுமதித்தது. ஹாமிஷ் ஜித்திய்யாவில் அவ்வுரிமை கிடையாது. பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி அமைப்பின் தர விதிகளின்படி, வாடிக்கையாளர் வாக்கு மாறினால் வங்கி தனக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தை மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். வங்கிக்கு 8 இலட்சத்தில் அடங்கிய வாகனம் வேறொருவருக்கு 7,60,000 ரூபாய்க்கு விலைபோயிற்று என்றால் நட்டம் 40,000. வாடிக்கையாளர் கட்டியிருந்தது 50,000 எனில், மீதி 10,000 ரூபாயை வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். எதிர்பார்த்திருந்த இலாபம் கைநழுவிற்று என்று கூறி அதை வைத்துக்கொள்ளலாகாது.